சாமி வந்த உன் அம்மாவும் சாமி வராத நானும்

உ

எல்கடுவ, மேற்கணக்கு லயம்
1996 சித்திரை

அன்பு மகள் தவமணிக்கு அப்பா பழனிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆட்டுக்குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே குவைத்தில் நீயும் நீ வளர்க்கிற அந்த வீட்டுப் பிள்ளைகளும், முகம் கொடுத்துப் பேசுகிற நாட்களில் மட்டும் அந்த வீட்டு அம்மாவும், அப்படியே இருக்க வேண்டுமென்று மாரியம்மனையும் ரோதை முனியையும் வேண்டிக்கொள்கிறேன். வரிசையைக் கவனித்தாயா, போன வருஷம் வரைக்கும் முனியைத்தான் முதலில் எழுதுவேன், இப்போது இந்த வீட்டில் வரிசை மாறிவிட்டது. உன் கடிதம் மாசிக் கடைசியில் கிடைத்தது. அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கி இரண்டு பக்கம் நிறைய எழுதிவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சிப்போன பாவத்துக்கு அப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும் என்று முடித்திருந்தாய். உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, வாசித்துக் காட்டுகிறவன் நான்தான், ஆகவே என்னைக் கேட்டதாக எனக்கே நான் வாசித்துச் சொல்லி எனக்கே நான் தலையாட்டிக்கொண்டேன். பரவாயில்லை, பெற்ற வயிற்றுக்கு இரண்டு பக்கம், பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவனுக்கு ஓரம். ஆனியில் ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்கு வந்து இருளாண்டி மாமா மகனுக்குக் கழுத்தை நீட்டத்தான் வேண்டுமா, எனக்கு அதில் இஷ்டமே இல்லை, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உக்குவளையில் ஒரு தையல் கடை வைக்கிறேனே, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். பதில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இப்போதே புரட்டிப் பார்க்காதே, பார்த்தால் நடுவில் நடந்தது ஒன்றும் உனக்கு விளங்காது.

முதலில் இருளாண்டி வீட்டு டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கல்யாணப் பேச்சின் மூலகாரணம் அதுதான். நானும் இருளாண்டியும் ஒரே நாளில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் பேர் கொடுத்து வேலைக்கு நின்றவர்கள். அவன் இன்றைக்கு யூனியன் தலைவர், கோவில் கமிட்டித் தலைவர், லயத்து வீட்டு வரிசை முனையில் கடைக்காரன். நான் அன்றைக்கும் இன்றைக்கும் தேயிலை அரைக்கிற இஸ்டோரில் ரோலர் பக்கத்தில் நின்று கொழுந்து அரைபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீ போன பிறகு கலர் டிவியும் படக் கசட்டு ஓட்டுகிற டெக்கும் வாங்கினான் பார், அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சுக்குள் எரியத் தொடங்கியது. அவன் கூரையில் அண்டெனா நிற்கிறது, என் கூரையில் காக்காய் நிற்கிறது. கிரிக்கெட்டில் நம் நாடு உலகக் கிண்ணம் எடுத்ததே, அன்றைக்கு அவன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் நின்றுதான் பார்த்தேன், எனக்கு முன்னால் சின்னதுகள், அதற்கு முன்னால் பெண்டுகள், எல்லாருக்கும் முன்னால் நாற்காலியில் இருளாண்டி, ஏதோ அவனே மட்டையைப் பிடித்து அடித்த மாதிரி. அதற்கும் முன்னால், ஐப்பசியில் ஒருநாள், மச்சான் நம்ம ரெண்டு வீடும் ஒண்ணாயிரலாமே, தவமணி ஆனியில வருது, ஆவணியில முடிச்சிரலாம் என்று அவன் கேட்டபோது என் கண்ணுக்கு முன்னால் மாப்பிள்ளை தெரியவில்லை மகளே, உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது நாற்காலி ஒன்று தெரிந்தது. சம்பந்தியை நிற்க வைத்து யாராவது படம் காட்டுவார்களா. அந்தப் பையனில் குறை ஒன்றும் இல்லை, நிறை என்ன என்று தேடினால் ரிமோட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். உன்னையும் கேட்கவில்லை, உன் அம்மாவையும் கேட்கவில்லை, கோவில் வாசலில் விளக்கேற்றி வைத்து வெற்றிலை மாற்றிக்கொண்டேன். நம்மிடத்து வழக்கம் உனக்குத் தெரியும், விளக்குக்கு முன்னால் மாற்றிய வெற்றிலையை ஆள் திருப்பிக் கேட்க முடியாது, கேட்டால் அந்த வீட்டோடு இந்த மலையில் ஒருத்தனும் சம்பந்தம் பேசமாட்டான். சாமி வாக்குச் சொல்லி நிறுத்தினால் மட்டும் நிற்கும், அப்போது இரண்டு பக்கமும் மரியாதையோடு விலகிக்கொள்ளலாம். ஆகவே உன் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. உன் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகத் தள்ளினாள்.

சாமி என்றதும் நம் வீட்டில் முனி ஞாபகம்தான் வரவேண்டும், அதுதான் முறை. உனக்கு நான் சரியாகச் சொன்னேனோ என்னவோ, அந்தக் காலத்தில் இஸ்டோரைத் தண்ணீர் ரோதையால், ஓடைத் தண்ணீர் தள்ளுகிற பெரிய சக்கரத்தால்தான் ஓட்டினார்களாம், வெள்ளைக்காரத் துரை புது ரோதை கொண்டுவந்து பூட்டினால் அது நகரமாட்டேன் என்று நின்றுவிட்டதாம். இஞ்ஜினியர் வந்து பார்த்தான், எண்ணெய் விட்டான், ஏசினான், ஒன்றும் நடக்கவில்லை. நம் ஆட்களில் ஒருத்தருக்கு அருள் வந்து, ஓடைக்கரையில் கிடந்த என் கல்லைப் பெயர்த்துச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டான் பாவி என்று கத்தினாராம். கல்லைப் பெயர்த்தெடுத்து ரோதைக்குப் பக்கத்தில் நட்டு, சேவல் அறுத்து, சாராயம் ஊற்றி, சுருட்டுக் கொளுத்தி வைத்த பிறகுதான் சுற்றியதாம். துரையும் தொப்பியைக் கழற்றினான் என்கிறார்கள், அது நம் ஆட்கள் சேர்த்ததாக இருக்கலாம். இப்போது தண்ணீர் ரோதை இல்லை, மோட்டர்தான், ஆனாலும் கல் அங்கேயே இருக்கிறது. நான் அடிக்கடி யோசிப்பேன், மாரியம்மன் இந்தியாவிலிருந்து நம் ஆட்களோடு மன்னாரில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவள், வழியில் எத்தனையோ பேரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், பிடிமண்ணாக முந்தானையில் முடிந்து கொண்டுவரப்பட்டவள். முனி அப்படி இல்லை, இந்த மண்ணிலேயே முளைத்தவர். நம்மையெல்லாம் பிரஜாவுரிமைக்கு வரிசையில் நிறுத்தி உன் அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்களே, அவரை ஒருத்தனும் கேட்க முடியாது. அப்படிப்பட்டவர் இருபது வருஷத்துக்கு மேலாக என் மேல்தான் வந்துகொண்டிருந்தார். வந்தால் என்ன கேட்பார்கள், காணாமற்போன கோழி எந்த லயத்தில் இருக்கிறது, பசு சினை பிடிக்குமா, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவுக்கு எப்போது மாற்றம் வரும். நான் சொல்வேன், அதாவது அவர் சொல்வார். கோழி விஷயத்தில் பெரும்பாலும் சரியாகவே சொன்னார், ஏனென்றால் கோழி திருடுகிறவனை எங்கள் இருவருக்குமே தெரியும்.

காலம் மாறினால் சாமிகளும் மாறுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மாரியம்மனுக்கு முகமே கிடையாது, மஞ்சள் பூசிய கல், அதற்கு வேப்பிலை, அவ்வளவுதான், நாம்தான் பயத்தில் ஆளாளுக்கு ஒரு முகத்தை நினைத்துக்கொள்வோம். பிறகு நகைக்கடைக் கலண்டர் வந்தது, ரோஜாக் கன்னத்தோடு ஒரு முகம் வந்தது, எல்லார் வீட்டுக் காம்பிராவிலும் அதே முகம். இப்போது டெக்கில் அம்மன் படங்கள் வருகின்றன, மாரியம்மன் சினிமாக்காரி மாதிரி கண்ணை உருட்டி, சூலத்தைச் சுழற்றி, வில்லனைத் துரத்துகிறாள். படம் பார்த்து வந்த பெண்டுகளுக்கு அருள் வந்தால் அதே மாதிரிச் சூலம் கேட்கிறார்கள், அதே மாதிரி நாக்கைக் கடிக்கிறார்கள். முன்பெல்லாம் அம்மன் வந்தால் ஒரு கொட்டாவி விடுவார்கள், வேப்பிலை கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், மெதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இருளாண்டிக்கு இது போதவில்லை, கோவிலைப் பெரிதாக்கிக் குருக்களைக் கூட்டிவந்து கும்பாபிஷேகம் செய்யப்போகிறானாம். செய்யட்டும். ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இனி முனியையும் கோவிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிடலாம், சாராயம் சுருட்டு சேவல் எல்லாம் நாகரிகம் இல்லை, சர்க்கரைப் பொங்கல் படைப்போம் என்றான். டிவி வைத்திருப்பவன் சொன்னால் யார் மறுப்பது, எல்லாரும் கை தூக்கினார்கள். சம்பந்தி ஆகப்போகிறவன் என்று நானும் பாதிக் கை தூக்கினேன். அன்று மாலை முனிக் கல்லுக்கு முன்னால் போய் நின்றபோது எனக்கே அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, நல்லவேளை அவருக்கு முகம் இல்லை.

இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டு வரலாமென்று உக்குவளைக்கு நுஹ்மான் கடைக்குப் போனேன், டெக்கும் கசட்டும் வாடகைக்குக் கொடுக்கிற நுஹ்மான்தான், உன் பாஸ்போட் போட்டோவுக்குச் சட்டைக்கொலர் சரிசெய்தானே அவன். கொழும்பில் குண்டு வெடித்த பிறகு வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்க்கிறார்கள், என் அட்டையில் இருக்கிற முகம் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்வரை பார்க்கிறார்கள். நுஹ்மான் என்னைவிடக் கவலையாக இருந்தான். அவர்கள் பக்கத்து மகானான அவுலியாவின் அடக்கத்தில் வருஷா வருஷம் கொடியேற்றிக் கந்தூரிச் சோறு ஆக்குவார்களே, நாமும் போய்ச் சாப்பிட்டிருக்கிறோமே, அதை இனி நடத்தக்கூடாதாம். சவூதியில் வேலை செய்துவிட்டு வந்திருக்கிற அவன் மகன் புஹாரியும் கூட்டாளிமாரும் அது மார்க்கத்தில் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்களாம். நுஹ்மானின் வாப்பாதான் அந்தச் சோற்றுக்குச் சட்டி பிடித்தவர், அவருக்குப் பிறகு இவன். வாப்பா ஆக்கின சோறு மார்க்கத்தில இல்லையாம், அந்தச் சோத்தத் திண்டு வளந்த மகன் சொல்றான் என்றான். பிறகு நான் முனியின் கதையைச் சொன்னேன். அதற்கு அவன், பழனி, ஒங்கட முனிக்குச் சுருட்டு இல்லை, எங்கட அவுலியாவுக்குக் கொடி இல்லை, ரெண்டு பேரும் எங்க போய்க் குந்துவாங்க, நம்மட கடை வாசல்ல ஒரு வாங்கு போடுறேன் வந்து இருக்கச் சொல்லு என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பார், அம்மன் படக் கசட்டு எல்லாம் அவன் கடையிலிருந்துதான் இருளாண்டி வீட்டுக்குப் போகிறது. நீதானே இத்தனைக்கும் காரணம் என்றேன். படம் பாத்து ஒங்கடாக்களுக்குச் சாமி வருது, எனக்கு வாடகை வருது, நான் ஆருக்கும் வராதேண்டு சொல்லலையே என்றான். அவனோடு பேசிவிட்டு வந்தால் பாதி பாரம் குறையும், மீதிப் பாதிக்கு வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

அவளைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைக்கிறேன். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று, இருளாண்டி வீட்டில் அம்மன் படம், கடைசிக் கட்டம், உடுக்கை அடிக்கிறது, சூலம் சுழல்கிறது, இங்கே முன்வரிசையில் நாலைந்து பெண்டுகளுக்கு அருள் வந்துவிட்டது. அதில் உன் அம்மாவும் ஒருத்தி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ராசம்மாவுக்கு என்ன கேடு, உப்புப் போடாத கஞ்சியையும் வாய் திறவாமல் குடிக்கிறவள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிவி நின்றது, உடுக்கை நின்றது, மற்றவர்களுக்கு வந்த அம்மனும் கரண்டோடு போய்விட்டாள், கொண்டையை முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உன் அம்மாவுக்கு வந்தது போகவில்லை. இருட்டுக்குள் நின்றபடியே ஒரு கொட்டாவி விட்டாள், வேப்பிலை கேட்டாள். சூலம் கேட்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது மகளே, ஏனென்றால் அது படத்தில் வருகிறவள் இல்லை, கலண்டரில் இருக்கிறவளும் இல்லை, நான் சின்ன வயதில் பயந்த முகமில்லாதவள். அவளை இங்கே கூட்டி வந்தது என்னவோ நுஹ்மானின் கசட்டுத்தான். இருளாண்டியின் மூத்த மருமகளுக்கு இருந்த காய்ச்சலைப் பற்றி உன் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள், பலித்துவிட்டது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நம் காம்பிரா வாசலில் கூட்டம். தோட்டத்தின் கீழ்க்கணக்கிலிருந்து வருகிறார்கள், யட்டவத்தையிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள், சிங்கள ஆட்களும் வந்து மாத்தயா, மேனியோவைப் பார்க்க இன்னும் எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் யார், வரிசை பார்க்கிறவன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறவன். செவ்வாய் வெள்ளியில் அவள் அடுப்பைத் தொடுவதில்லை, சோறு நான்தான் ஆக்குகிறேன், குழைந்துவிட்டால் அம்மன் ஒன்றும் சொல்வதில்லை, சனிக்கிழமை ராசம்மா சொல்கிறாள். என்னிடம் வாக்குக் கேட்டவர்களெல்லாம் இப்போது என் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, அண்ணே, இப்ப முனி வாறதில்லையா என்று விசாரிக்கிறார்கள். புருஷனானாலும் அருள் வந்த நேரத்தில் காலில் விழத்தான் வேண்டும், அதுதான் முறை. விழுந்தேன். எழுந்திருக்கும்போது யாராவது சிரித்தார்களா என்று பார்த்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள்.

திருவிழா பங்குனியில். வெளிச்சம் இருக்கும்போதே கரகம் கோவிலுக்குத் திரும்பிவிட வேண்டுமென்ற நிபந்தனையோடுதான் பொலிசில் அனுமதி கொடுத்தார்கள், காலம் அப்படி. பகலில் சாமியாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடியவனுக்குத்தான் தெரியும், இரவில் தீப்பந்தத்துக்கு நடுவே யார் முகமும் தெரியாது, பகலில் கண்டாக்கையா முகம், கணக்கப்பிள்ளை முகம், கடன் கொடுத்தவன் முகம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. இருளாண்டி எல்லா ஏற்பாட்டையும் செய்திருந்தான். கரகம் வந்து இறங்கியதும் முதலில் முனி வருவார், அது இஸ்டோர்க்காரர்களின் பழைய உரிமை, அப்போது எல்லார் முன்னிலையிலும் உன் கல்யாண நாளை வாக்காகக் கேட்பது என்று முடிவு. காலையிலேயே என்னைக் கடைக்குப் பின்னால் அழைத்து, மச்சான், ஆவணி ரெண்டாவது ஞாயிறு மண்டபம் சும்மாத்தான் கெடக்கு, முனி என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன் என்றான். முனிக்கே நாள் சொல்லிக் கொடுக்கிறான் பார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது, வெற்றிலை அவன் வீட்டில் இருந்தது, நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். முனிக்குரிய அடி, அதைக் கேட்டால் இருபது வருஷமாக என் கணுக்காலில் ஏறி முதுகு வழியாக உச்சிக்குப் போகும். நின்றேன். ஏறவில்லை. திரும்ப அடித்தார்கள், சாம்பிராணியை முகத்துக்கு நேரே பிடித்தார்கள், வெறும் தும்மல்தான் வந்தது. என் கண் மூடியிருந்தது, ஆனால் மூடிய கண்ணால் நான் உன் அம்மா நின்ற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு இப்போது வருமோ, எனக்கு முன்னால் வந்துவிடுமோ என்று. பொறாமைக்காரன் உடம்பில் முனி எங்கே உட்காருவார், இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சும்மாவாவது குதித்துவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு குதி குதித்தும் விட்டேன். தப்பு அடிக்கிற செல்லச்சாமி என்னைப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்துவிட்டது, அடியை மெதுவாக்கிக்கொண்டான், காட்டிக்கொடுக்கவில்லை. ஆவணி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தேன், உன் முகம் வந்து நின்றது, மூடிக்கொண்டேன்.

அப்போது பெண்டுகள் பக்கம் ஒரு சத்தம். திரும்பினால் உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள், ஓடவில்லை, கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற அதே நடை. எனக்கு முன்னால் வந்து நின்றாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னை நீ என்று சொல்லாதவள், ஏங்க, இந்தாங்க என்பதைத் தாண்டாதவள். எல்லார் முன்னாலும் என் நெற்றியில் விபூதியை அப்பிவிட்டு, "யார்ட்ட கேட்டு வெத்தல மாத்துன?" என்றாள். நான் முழங்கால் போட்டுவிட்டேன், அருளுக்குப் பயந்தா கேள்விக்குப் பயந்தா என்று கேட்காதே. இருளாண்டி பாவம், கையைக் கட்டிக்கொண்டு, தாயே பிள்ளைக்கு ஆவணியில முடிக்கலாம்னு என்று இழுத்தான். உன் அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அது நான் கடலுக்கு அங்கிட்டு அனுப்பி வச்ச பிள்ள. அது வேலை முடிஞ்சா நான் கூட்டியாருவேன். எவனும் கூப்புடக் கூடாது. அந்த வெத்தல வாடிப்போச்சு, வேற வீட்டுல புதுசா மாத்திக்க, ஒன் மகன் நல்லாருப்பான்."

தப்பு நின்றுவிட்டது. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டார்கள், குருக்களுக்கு முன்பணம் கொடுக்கப் போகிற கமிட்டி முழுவதும் கேட்டது. முடிந்துவிட்டதென்று நான் எழுந்திருக்கப் போனேன், தோளில் கையை வைத்து அழுத்தினாள், இன்னும் இருக்கிறதாம். "ஓடைக்கரையில கெடந்தவன எதுக்குடா கட்டடத்துக்குள்ள அடைக்கிறீங்க. அவனுக்குச் சுருட்டு இல்லாம சக்கரப்பொங்கல வச்சுப் பாருங்க, ரோதை ஓடுதான்னு நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டாள், தண்ணீர் கேட்டாள், உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். மகளே, என் சாமிக்கு எதிராக நான் கமிட்டியில் பாதிக் கை தூக்கினேன் என்று சொன்னேன் அல்லவா, எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவருக்காகவும் அவள்தான் பேச வேண்டியிருந்தது.

இருளாண்டியை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும். அவன் முகம் சுருங்கவில்லை, அடுத்த நாள் தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து வீட்டுக்கு வந்து, ஆத்தா சொன்ன பெறகு நமக்கு என்ன மச்சான் என்று சொல்லித் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒருத்தரும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. அவன் மகனுக்கு யட்டவத்தைப் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு டிவி பிடிக்குமாம், பொருத்தம்தான். முனியைக் கோவிலுக்குள் கொண்டுபோகிற பேச்சும் நின்றுவிட்டது, சாராயத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள், அதற்கு நான் முழுக் கையும் தூக்கி எதிர்ப்புத் தெரிவித்தேன். நாற்காலிக் கனவு போய்விட்டது, மறுபடியும் இஸ்தோப்பில் நின்றுதான் பார்க்கிறேன், கால் வலிக்கிறது.

திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், அங்கே என்ன சொன்னாய் என்று ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று. எனக்கு என்னா தெரியும், நெனவே இல்லைங்க, கால்தான் கடுக்குது என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையத் தொடங்கினாள். நானும் ஆடியவன்தான், எனக்குத் தெரியாததா. சில நேரம் ஒன்றும் ஞாபகம் இருக்காது, அது உண்மை. சில நேரம் பாதி இருக்கும். சில நேரம், நாம் எத்தனையோ காலமாக உள்ளே வைத்திருந்ததைச் சாமி எடுத்துக்கொண்டு பேசும், அப்போது பேசியது யார் என்று நமக்கே பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, ஒரு சாமியாடி இன்னொரு சாமியாடியிடம் அதைக் கேட்கக் கூடாது. ஆனால் அவள் மாவு பிசைவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். டிவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், நாற்காலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அதெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய பொறாமை, சொல்லிவிட்டேன், நீயும் சிரித்திருப்பாய். இது வேறு. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு சாமி என் நாக்கில் உட்கார்ந்திருந்தார், நான் ஊரார் கோழிக்கும் பசுவுக்கும் அவரைப் பேச வைத்தேன். நீ பிளேன் ஏறக் கட்டுநாயக்காவில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன அன்றைக்குக்கூட என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அவரிடம் ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. இவளுக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, முதல் திருவிழாவிலேயே உனக்காக வாயைத் திறந்துவிட்டாள். அதுதான் மகளே என்னால் தாங்க முடியவில்லை, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

சரி, பதில். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு. போடுவதற்கு முன்னால் சம்பளத்தையும் லீவையும் எழுதி வாங்கிக்கொள், அந்த வீட்டு அம்மா வாயால் சொல்வதை நம்பாதே. தையல் பழகுகிற இடம் பக்கத்தில் இருந்தால் வெள்ளிக்கிழமை லீவில் போய்ப் பழகு, உக்குவளையில் கடைக்கு இடம் நான் நுஹ்மானிடம் சொல்லி வைக்கிறேன். வெயிலில் தலையை மூடாமல் போகாதே, தண்ணீர் நிறையக் குடி, பழைய சோறு கிடைக்காத ஊர் என்பதால் வயிறு சூடாகும். உன் அம்மா, பிள்ளை இளைத்துவிட்டதா என்று கேட்கச் சொல்கிறாள், போட்டோ ஒன்று அனுப்பு, சிரித்துக்கொண்டு எடு. மாரியம்மனும் முனியும் உனக்கு முன்னாலும் பின்னாலும் துணைக்கு வரட்டும், நீ தொட்ட துணியெல்லாம் சரியாக வெட்டுப்படட்டும், நல்ல சுகத்தோடு இரு. கல்யாணத்தைப் பற்றி நீ பேசுகிற நாளில் பேசலாம். அதுவரைக்கும் இங்கே யாராவது, என்ன பழனிமுத்து, வயது வந்த பிள்ளையை இன்னும் கூப்பிடவில்லையா என்று கேட்டால் அம்மனைக் காட்டி ஒளிந்துகொள்ள மாட்டேன். தவமணி வரும்போது வருவாள், என் பிள்ளை, நான்தான் இருக்கச் சொன்னேன் என்று சொல்லுவேன். தப்பு அடிக்காமல், சாம்பிராணி இல்லாமல், சாமி வராமலேயே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளின் புருஷனும் உன் அப்பாவுமான
பழனிமுத்து